சிங்கம் பார்க்கும் பக்கம்

டிரைவர்: பாத்து… பாத்து… இன்னும் ரெண்டு படிதான். கடைசிப் படி கொஞ்சம் உயரம்.

டெய்லரம்மா: இருபது வருஷமா இந்தப் படியில ஏறி இறங்குறேன். எனக்கே எண்ணிச் சொல்றீங்களா?

டிரைவர்: மூணு மாசமா சொல்லிச் சொல்லி வாய்க்கு அதுவே வேலையாப் போச்சு.

டெய்லரம்மா: இனிமே அந்த வாய்க்கு லீவு குடுங்க. அதான் கண்ணுக் கட்டைப் பிரிச்சாச்சுல்ல.

டிரைவர்: ஆமாமா… பிரிச்சாச்சு.

டெய்லரம்மா: என்ன, சுரத்தே இல்ல? போறப்ப ரேடியோ மாதிரி பேசிக்கிட்டு வந்தீங்க. வர்றப்ப டாக்ஸியில ஒரு வார்த்தை வரல.

டிரைவர்: அந்த டாக்ஸிக்காரன் ஓட்டுற லட்சணத்தைப் பாத்துக்கிட்டு வந்தேன். பிரேக்கை மிதிக்கிறானா, கரப்பான் பூச்சியை மிதிக்கிறானான்னே தெரியல.

டெய்லரம்மா: உலகத்துல ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்.

டிரைவர்: இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் உண்டா? டிப்போவுல போய்க் கேளு.

டெய்லரம்மா: டிப்போவுல என்னத்தைக் கேக்கறது, உங்ககூட குடும்பம் நடத்தறவ நான். சாவியை எடுங்க.

டிரைவர்: இரு… செருப்பை இங்கயே விடு. இடது பக்கம் பக்கெட் இருக்கு, இடிச்சுக்காதே. அந்த சிவப்பு பக்கெட்டு.

டெய்லரம்மா: தெரியுது, தெரியுது. சிவப்பா பளிச்சுன்னு நிக்குது.

டிரைவர்: ம்… பளிச்சுன்னுதான் நிக்குது.

டெய்லரம்மா: வாங்க, நேரா மேசைக்குப் போலாம். நான் என் பொம்மை ரயிலைப் பாக்கணும்.

டிரைவர்: வந்ததும் வராததுமாவா? முதல்ல முகம் கழுவிட்டு…

டெய்லரம்மா: ஒரு வாரத்துக்கு முகத்துல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. உங்க எதிர்லதான் சொன்னாரு.

டிரைவர்: அப்ப டீ குடி. நான் போட்டுத் தர்றேன்.

டெய்லரம்மா: டீ எங்கயும் ஓடிப் போகாது. மூணு மாசமா உங்க வாயாலதான் ரயில் பாத்திருக்கேன். ‘இப்ப பாலத்து மேல வருது… இப்ப சுரங்கத்துக்குள்ள நுழையுது’ன்னு பந்தயத்துக்கு வர்ணனை சொல்ற மாதிரி.

டிரைவர்: நல்லாத்தானே சொன்னேன்?

டெய்லரம்மா: நல்லாத்தான் சொன்னீங்க. ஒருநாள் ‘மாடு குறுக்க வந்துடுச்சு’ன்னு வாயாலயே ஹாரன் அடிச்சீங்க. இங்கிலாந்து நீராவி வண்டிக்கு ஏதுங்க ஹாரன்? விசில்தான்.

டிரைவர்: பஸ்காரன் வாயில ஹாரன்தான் வரும்.

டெய்லரம்மா: அந்த மாடு எங்கேர்ந்து வந்துச்சு?

டிரைவர்: நீ அன்னிக்கு ரொம்ப வாடிப் போய் உக்காந்திருந்தே. சிரிக்கட்டுமேன்னு நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன்.

டெய்லரம்மா: …நாற்காலியை இழுங்க.

டிரைவர்: இந்தா, உனக்குப் பின்னாலயே இருக்கு. உக்காரு. நீ வச்சது வச்சபடி இருக்கு எல்லாம். வலது பக்கம் தையல் மெஷின் மூடி, அதான் உன் சுரங்கம். இடது பக்கம் பாலம். நடுவுல ஸ்டேஷன்…

டெய்லரம்மா: நான் போட்ட ரயில் பாதைக்கு நீங்க எனக்கே வழி காட்டுறீங்க. துணி வெட்டுற மேசையில பாதியை ரயிலுக்கு ஒதுக்கினப்ப என்ன பேச்சுப் பேசினீங்க, ஞாபகம் இருக்கா?

டிரைவர்: ‘விரல் நீள எஞ்சினுக்கு மேசை கேக்குதா? மனுஷன் தட்டு வைக்க இடமில்லை’ன்னேன். தப்பா?

டெய்லரம்மா: கடிகாரக்காரர் கடையில முதல் எஞ்சினைப் பாத்தப்ப, நான் அதை ஊசிப் பெட்டின்னு நினைச்சுத்தான் கையில எடுத்தேன். அடியில பாத்தா குட்டிக் குட்டியா சக்கரம்! அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு.

டிரைவர்: இன்னிக்குப் பதினோரு எஞ்சின். பதினொண்ணும் இங்கிலாந்து, பதினொண்ணும் நீராவி. தெரியாத்தனமா ஒரு டீசல் வாங்கிட்டு வந்தேன். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே.

டெய்லரம்மா: அது டப்பாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருந்துச்சு. சரி, பச்சையை எடுங்க.

டிரைவர்: பச்சையா… அந்தக் கறுப்பு எஞ்சினை ஓட்டுவோமே? ரொம்ப நாளா சும்மாவே நிக்குது.

டெய்லரம்மா: எனக்குப் பச்சைதான் வேணும். புகைபோக்கியில செம்புத் தொப்பி வச்ச என் பச்சை.

டிரைவர்: தண்டவாளமெல்லாம் தூசு…

டெய்லரம்மா: துடைங்க.

டிரைவர்: கரண்ட் இருக்கான்னு…

டெய்லரம்மா: தலைக்கு மேல ஃபேன் ஓடுது.

டிரைவர்: இரு இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.

டெய்லரம்மா: போங்க, போங்க. யாரு தட்டினாங்களோ அவங்களுக்கு ஒரு மாலை போடுங்க.

கடிகாரக்காரர்: என்ன டிரைவரே! கட்டுப் பிரிச்சாச்சாமே? கேள்விப்பட்டதும் கடையை அப்படியே விட்டுட்டு ஓடி வர்றேன். அம்மா எங்க?

டிரைவர்: ஷ்… மெதுவா. உள்ள மேசைகிட்ட இருக்கா. கதவைச் சாத்திட்டு இப்படிப் படிக்கட்டுப் பக்கம் வாங்க.

கடிகாரக்காரர்: பச்சையைப் பாத்துட்டாங்களா?

டிரைவர்: இன்னும் இல்ல. எடுக்கச் சொல்லி உசிரை வாங்கிக்கிட்டு இருக்கா.

கடிகாரக்காரர்: உங்க நிலைமை யாருக்கும் வரக் கூடாதுங்க. கண்ணு மங்கிக் கிடந்தவங்க நம்பிக் கையில குடுத்த வண்டி. வளைவுல முழு வேகத்துல விட்டு, மேசையிலேர்ந்து தரையில தள்ளி… புகைபோக்கி ஒரு மூலையில, சக்கரம் ஒரு மூலையில…

டிரைவர்: அந்த வளைவுல பஸ்ஸா இருந்தா திரும்பியிருக்கும்.

கடிகாரக்காரர்: பஸ்ஸுக்கு ஸ்டியரிங் இருக்கு. சரி விடுங்க. நானும் நாலு பேருக்குச் சொல்லி வச்சு, அதே ஜாடையில இன்னொண்ணு பிடிச்சுக் குடுத்தேன். நம்பரைக்கூட ஊசியால சுரண்டிட்டு மாத்தி ஒட்டினேன். ஆனா ஒண்ணைக் கோட்டை விட்டுட்டேங்க. நேத்துதான் பழைய போட்டோவைப் பாத்தேன்.

டிரைவர்: என்னது?

கடிகாரக்காரர்: சிங்கம்.

டிரைவர்: எந்த சிங்கம்?

கடிகாரக்காரர்: எஞ்சினுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டே ஒரு கரிப் பெட்டி வருமில்ல, அதுல ரெண்டு பக்கமும் ரயில்வே சின்னம் இருக்கும். சக்கரத்தைப் பிடிச்ச சிங்கம். உடைஞ்ச வண்டியில ரெண்டு சிங்கமும் முன்னாடி, புகைபோக்கிப் பக்கம் பாக்கும். இந்தப் புதுசுல வலது பக்கத்துச் சிங்கம் திரும்பிக்கிட்டு நிக்குது. பின்னால வர்ற பெட்டிங்களைப் பாக்குது.

டிரைவர்: எங்க பாத்தா என்னங்க? கழுத்து வலிச்சிருக்கும், திரும்பியிருக்கும்.

கடிகாரக்காரர்: இதுக்கு இங்கிலாந்துல ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கு டிரைவரே. சின்னத்துல சிங்கம், எதிர்ல நின்னு பாக்கறவங்களோட இடது கைப் பக்கம்தான் பாக்கணும்னு பெரிய இடத்துலேர்ந்து சொல்லிட்டாங்க. அதுக்கு முந்தி வரைஞ்ச வண்டியில ரெண்டும் முன்னாடி பாக்கும். பிந்தி வரைஞ்சதுல வலது பக்கத்துது மட்டும் பின்னாடி பாக்கும். அம்மாவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கையில எடுத்த நிமிஷமே பிடிச்சிடுவாங்க.

டிரைவர்: பிடிக்க மாட்டா.

கடிகாரக்காரர்: எப்படிங்க அடிச்சுச் சொல்றீங்க?

டிரைவர்: …அரிசி அளவு சிங்கம்ங்க அது.

கடிகாரக்காரர்: பொத்தான் துளையில ஒரு நூல் விலகியிருந்தா எட்ட நின்னே சொல்ற கண்ணுங்க அவங்களுக்கு.

டிரைவர்: நீங்க வாயைத் திறக்காம இருங்க, அது போதும். உள்ள வந்து அஞ்சு நிமிஷம் இருந்துட்டுக் கிளம்புங்க. சிங்கம்ங்கிற பேச்சே வரக் கூடாது.

டெய்லரம்மா: யாருங்க வாசல்ல? அங்கயே டீக்கடை போட்டுட்டீங்களா?

டிரைவர்: நம்ம கடிகாரக்காரர்தான்! வந்துட்டோம்! இதோ, உனக்கு நேரெதிர்ல வந்து நிக்கிறாரு பாரு.

டெய்லரம்மா: வாங்க, வாங்க. அடடா, சட்டை புதுசா? ரொம்ப எடுப்பா இருக்கே.

கடிகாரக்காரர்: இது… போன வருஷம் நீங்க தச்சுக் குடுத்த சட்டைம்மா.

டிரைவர்: பாத்தீங்களா, தான் தச்சதைத் தானே மெச்சிக்கிறா! டெய்லர் புத்தி எங்க போகும்?

டெய்லரம்மா: நல்லா தச்சிருந்தா மெச்சக் கூடாதா?

கடிகாரக்காரர்: நல்லா மெச்சலாம்மா. டாக்டர் என்ன சொன்னாரு?

டெய்லரம்மா: ஆபரேஷன் நல்லபடியா வந்திருக்குன்னாரு. இவரு டாக்ஸி பிடிக்கப் போனப்பதான் விவரமா உக்கார வச்சு சொன்னாரு. கொஞ்ச நாள் ஊசி கோக்காதே, கண்ணைக் கசக்காதே… அவ்வளவுதான்.

டிரைவர்: ஆமா. நான் டாக்ஸி பிடிக்கப் போயிட்டேன்.

டெய்லரம்மா: பேச்சை மாத்தி தப்பிக்காதீங்க. பச்சை எங்க?

டிரைவர்: …இந்தா. ரெண்டு கையாலயும் வாங்கிக்க. புகைபோக்கி உன் இடது கைப் பக்கம் இருக்கு.

டெய்லரம்மா: வந்துட்டியா, கண்ணு! செம்புத் தொப்பி என்னமா மின்னுது. தங்கத்தைத் தேச்ச மாதிரி. பச்சையும் வாழைக் குருத்து மாதிரி அப்படியே இருக்கு… என்ன கடிகாரக்காரரே, பேச்சையே காணோம்?

கடிகாரக்காரர்: ஒண்ணுமில்லம்மா.

டெய்லரம்மா: மென்னு முழுங்குறது இங்க கேக்குது. சொல்லுங்க.

கடிகாரக்காரர்: இல்ல… அந்த சிங்கம்…

டிரைவர்: டீ சாப்பிடறீங்களா?

டெய்லரம்மா: அவரைப் பேச விடுங்க. சிங்கத்துக்கு என்ன?

கடிகாரக்காரர்: ஒண்ணும்… இல்ல. நல்லா இருக்கான்னு…

டெய்லரம்மா: நல்லா இருக்காவா! ரெண்டு பக்கமும் முன்னாடி பாத்துக்கிட்டு எப்பவும் போல ஜம்முன்னு நிக்குது. இதோ, இந்தப் பக்கம் ஒண்ணு… இந்தப் பக்கம் ஒண்ணு.

கடிகாரக்காரர்: முன்னாடியா? அம்மா, வலது பக்கத்தைக் கொஞ்சம் சரியா…

டிரைவர்: முன்னாடிதான்! நானும் பாத்தேன். முன்னாடிதான் பாக்குது. கடிகாரக்காரரே, கடையைத் திறந்து போட்டுட்டு வந்தேன்னு சொன்னீங்கல்ல?

கடிகாரக்காரர்: ஆ… ஆமா. முன்னாடிதான். ஆமா, கடை… அப்ப நான் வரட்டுமாம்மா?

டெய்லரம்மா: அதுக்குள்ளயா? வண்டி ஓடறதைப் பாக்காமயா?

டிரைவர்: அவருக்கு வேலை இருக்கும். வாங்க, வாசல் வரைக்கும் வர்றேன்.

கடிகாரக்காரர்: டிரைவரே… இங்க என்னங்க நடக்குது? அந்தம்மா கையில வச்சுக்கிட்டே முன்னாடின்னு சொல்றாங்களே. அவங்களுக்கு…

டிரைவர்: மெதுவா.

கடிகாரக்காரர்: சட்டையையும் புதுசுன்னாங்க…

டிரைவர்: போயிட்டு வாங்க. நாளைக்கு நானே கடைக்கு வர்றேன்.

கடிகாரக்காரர்: சரிங்க… வர்றேன். பாத்துக்கங்க.

டெய்லரம்மா: அனுப்பியாச்சா? இப்பவாவது வைங்க தண்டவாளத்துல. சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத பாதை, பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் சொருகுற மாதிரி வைக்காதீங்க.

டிரைவர்: வச்சாச்சு. எல்லாச் சக்கரமும் உக்காந்துடுச்சு. காபிக் கலர் பெட்டி நாலு பின்னால மாட்டியாச்சு. ரெகுலேட்டரைத் திருப்பவா?

டெய்லரம்மா: திருப்புங்க. மெதுவா.

டிரைவர்: கிளம்பிடுச்சு…

டெய்லரம்மா: பேசாதீங்க. சத்தத்தைக் கேக்கறேன்… என்னங்க இது, வெண்ணெய்ல வழுக்குற மாதிரி போகுது? என் பச்சை ஒவ்வொரு சுத்துக்கும் ‘டிக்’குன்னு ஒண்ணு சொல்லும்.

டிரைவர்: எண்ணெய் போட்டேன். அதான்.

டெய்லரம்மா: எந்த எண்ணெய்?

டிரைவர்: உன் தையல் மெஷின் எண்ணெய்.

டெய்லரம்மா: எத்தனை சொட்டு?

டிரைவர்: ஒரு… ஏழெட்டு.

டெய்லரம்மா: ஊசி முனையில தொட்டு வைக்கிற எண்ணெயை ஏழெட்டு சொட்டு ஊத்தினா வண்டி ஓடாதுங்க. நீச்சலடிக்கும்.

டிரைவர்: மிச்சத்தைத் துணியால ஒத்தி எடுத்துட்டேன்…

டெய்லரம்மா: நிறுத்துங்க. வண்டியை இல்ல, பொய்யை.

டிரைவர்: டெய்லரம்மா…

டெய்லரம்மா: உங்க பழைய யூனிஃபார்ம் சட்டையை மடிச்சு வச்சேன். ரெண்டு மாசம் இருக்கும். மேல் பையில கைக்குட்டை. கைக்குட்டைக்குள்ள என் பச்சை. தொட்டுப் பாத்தேன். உச்சியில புகைபோக்கி இல்ல. ஒரு சக்கரம் தனியா உருண்டு வந்து உள்ளங்கையில உக்காந்துச்சு.

டிரைவர்: அப்பவே தெரியுமா?

டெய்லரம்மா: அப்பவே தெரியும். நீங்களாவே சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

டிரைவர்: சொல்லணும்னுதான் தினமும் வாயெடுப்பேன். நீயே கண்ணு மங்கிப் போய் உக்காந்திருக்கே. இருந்த ஒரு ஆசையையும் நானே போட்டு உடைச்சுட்டேன்னு எப்படிச் சொல்றது? வளைவுல கொஞ்சம் வேகம் குடுத்துட்டேன். நீ உள்ள படுத்திருந்தே. சத்தம் கேட்டு எழுந்துடுவியோன்னு தரையில மண்டி போட்டு, ஒவ்வொரு துண்டா கையால தடவிப் பொறுக்கினேன். இருபத்தெட்டு வருஷத்துல மனுஷன் பண்ணின ஒரே ஆக்ஸிடென்ட்டு.

டெய்லரம்மா: யாருக்கும் காயமில்லையே?

டிரைவர்: சிரிக்காதே. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.

டெய்லரம்மா: நானும் அழுதேன். குளிக்கிறப்ப, தண்ணியைத் திறந்து விட்டுட்டு. அப்புறம் மறுநாள் நீங்க உக்காந்துக்கிட்டு, ‘பச்சை வருது, பச்சை வருது, பாலத்துல ஏறுது’ன்னு… கறுப்பு எஞ்சினை ஓட்டிக்கிட்டு பச்சைக்கு வர்ணனை! அழுகை எங்க போச்சுன்னே தெரியல.

டிரைவர்: அது கறுப்புன்னு கண்டுபிடிச்சுட்டியா?

டெய்லரம்மா: இருமல் வச்சே ஆளைச் சொல்ற மாதிரிதாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம்.

டிரைவர்: எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு இன்னிக்கு பச்சை, பச்சைன்னு என்னை வறுத்து எடுத்தே.

டெய்லரம்மா: மூணு மாசத்துக்கு ஒரு நாள் வறுக்கக் கூடாதா? சிங்கத்தையும் பாத்தேன். வலது பக்கம் திரும்பித்தான் பாக்குது. கடிகாரக்காரர் எதிர்ல உங்களை விட்டுக் குடுக்க வேணாம்னுதான் முன்னாடின்னேன்.

டிரைவர்: …அப்படியா.

டெய்லரம்மா: அப்படித்தான்.

டிரைவர்: ரொம்ப நல்லதாப் போச்சு.

டெய்லரம்மா: கோவமா?

டிரைவர்: உன்மேலயா? எதுக்கு?

டெய்லரம்மா: இல்ல… நீங்க உங்க மனசுல இருந்ததைச் சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு…

டிரைவர்: சொல்லு.

டெய்லரம்மா: ஒண்ணுமில்ல. நாளைக்கு சொல்றேன். இன்னிக்கு நீங்க சந்தோஷமா இருக்கீங்க.

டிரைவர்: சரி, நாளைக்கு சொல்லு. அவசரமில்ல. வண்டி இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு… இதோ, ஸ்டேஷனைத் தாண்டிடுச்சு. பொத்தான் டப்பாவைத் தாண்டுது. பாலத்துல ஏறுது… நாலு பெட்டியும் ஏறிடுச்சு. கடைசிப் பெட்டி லேசா ஆடுது, பயப்படாதே. இப்ப உனக்கு நேரா வருது… தாண்டிடுச்சு. சுரங்க வாசலுக்குப் போகுது…

டெய்லரம்மா: எதுக்கு இன்னும் வழி நெடுக சொல்லிக்கிட்டே வர்றீங்க? எனக்குத்தான் கண்ணு வந்துடுச்சே.

டிரைவர்: டாக்ஸி ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு டெய்லரம்மா. போன வேகத்துல திரும்பி வந்துட்டேன். டாக்டர் ரூம் கதவு ஒருக்களிச்சுச் சாத்தியிருந்துச்சு. ‘உள்ள நரம்பே போயிடுச்சும்மா, இனிமே வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்’னு அவர் சொன்னதும் கேட்டுச்சு. ‘எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க, மனுஷன் தாங்க மாட்டாரு’ன்னு நீ சொன்னதும் கேட்டுச்சு… தாங்கிட்டேன் பாரு. இதோ, சுரங்கத்தை விட்டு வெளிய வருது. கையைக் குடு… இதான் ரெகுலேட்டர். நீ ஓட்டு. நான் சொல்லிக்கிட்டே வர்றேன்.